மீடியம் ஆகப்போகிறேன் என்றவள்

என் பெரியண்ணி துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் துணி தானாக வந்து அவள் கைக்குள் நுழையும். பிசிர் ஒன்று வெளியே தெரியாது, நூல் ஒன்று நீளாது. எங்கள் தையல் பட்டறையில் எல்லாருடைய தையலையும் திருப்பிப் பார்ப்பார்கள், அவளுடையதை மட்டும் அப்படியே அடுக்கி வைத்துவிடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. குறை சொல்லக்கூட யாரும் அவள் பக்கம் வருவதில்லை.

இதைச் சொல்கிற நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணி கதை என்றால் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். என்னால் குறைத்துப் போட முடியாது, நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு அண்ணன்கள், இரண்டு அண்ணிகள், ஒரு சமையலறை. பெரியண்ணன் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். சின்னண்ணன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். கடைசி அறை என்னுடையது. சமையல் பெரியண்ணி பொறுப்பு, பாத்திரம் சின்னண்ணி பொறுப்பு, நடுவில் நின்று பேசுவது என் பொறுப்பு. பெண்கள் மூன்று பேருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். மூன்றாவது மாடியில் இருக்கிற பட்டறை, அலுவலகம் போகிற பெண்களுக்கான சட்டைகள் தைக்கிற இடம். நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பவள். பெரியண்ணி ஓவர்லாக். சின்னண்ணி பெயருக்கு ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங், ஆனால் அவளை அங்கே எல்லாரும் கூப்பிடுவது மீடியம் என்று.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பட்டறையின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை உண்டு. உள்ளே ஆளுயரக் கண்ணாடி, கட்டிங் மாஸ்டரின் நீள மேஜை, கண்ணாடிக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. புது மாடல் சட்டை தைத்ததும் ஒரு பெண்ணுக்கு அதைப் போட்டுவிட்டு அந்தப் பலகையில் ஏற்றி நிறுத்துவார்கள். மாஸ்டர் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தூக்கு, குனி, உட்கார் என்பார். பிறகு கேட்பார், "எங்கே பிடிக்குது?" பலகையில் நிற்கிறவள் சொல்வாள், அக்குளில் பிடிக்கிறது, முதுகில் தொளதொளவென்று இருக்கிறது என்று. அவள் சொன்னபடி மாஸ்டர் கோடு போடுவார். அதன் பிறகுதான் எங்கள் மெஷின்கள் ஓடும்.

முன்பு அங்கே நின்ற பெண் கல்யாணமாகிப் போன சமயம் பார்த்துத்தான் பெரியண்ணி தன் ஓரகத்தியை வேலைக்குக் கூட்டிவந்தாள். கை சுத்தமான பெண், ஒரு பக்கமாக உட்கார்ந்து ஹெம்மிங் செய்வாள் என்று முதலாளியம்மாவிடம் இவளே சிபாரிசு செய்தாள். அந்த வாரமே மாஸ்டர் புதிதாக வந்தவளை மேலும் கீழும் பார்த்தார், டேப்பைச் சுற்றினார், இவங்க அப்படியே மீடியம் சைஸ் என்றார். அவ்வளவுதான். வந்தவள் பலகையில் ஏறிவிட்டாள், கூட்டிவந்தவள் ஓவர்லாக்கிலேயே இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பெரியண்ணிக்குப் பொறாமை. நான் பூசி மெழுகப் போவதில்லை, பொறாமை என்றால் பொறாமைதான். வீட்டுக்கு மூத்த மருமகள் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்பு அவளுடையது, மாமனார் மாமியார் இருந்தவரை அவர்களுடைய மருந்தும் மாத்திரையும் அவளுடையது. அந்த வீட்டில் எல்லாரும் அவளிடம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறோமே தவிர, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. பட்டறையிலும் அதே கதை. இந்த நிலையில் பின்னால் வந்த ஒருத்தியை நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே பிடிக்குது, எங்கே வலிக்குது என்று விசாரிக்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியண்ணியின் மெஷின் ஒரு நொடி நின்று ஓடும். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

சின்னண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. பலகையிலிருந்து இறங்கி வரும்போது நடையில் ஒரு மிதப்பு இருக்கும். வீட்டில் கறி சமைத்த நாளில் அவள் தட்டைப் பார்த்தால் காக்கைக்கு வைத்த மாதிரி ஒரு ஓரத்தில் சோறு இருக்கும். போதும்க்கா, எனக்கு இதுவே அதிகம் என்பாள். தான் செய்ததை ஒருத்தி இப்படி ஒதுக்கினால் சமைத்தவளுக்கு எப்படி இருக்கும்? மகாராணிக்கு நம்ம சமையல் இறங்காது என்று பெரியண்ணி என்னிடம் கடுகடுப்பாள். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். அவள் சாப்பிடாததற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

எங்கள் பட்டறையில் வருஷத்தின் கடைசி வேலைநாளில் முதலாளியம்மா கேக் வெட்டுவார். சாப்பாட்டு அறையில் எல்லாரும் சுற்றி நின்று, வரப்போகிற வருஷத்தில் உடம்புக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேக்கைத் தின்றுகொண்டே இதைச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. இஸ்திரி போடுகிறவர் தினமும் எடை தூக்கப்போகிறேன் என்றார். அவர் மனைவி கேட்டால் சிரிப்பாள், வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காதவர். செக்கிங் பெண் சர்க்கரையை விடப்போகிறாளாம், சொல்லிவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தாள். நான் தினமும் சாயங்காலம் நடக்கப்போகிறேன் என்றேன். புதுச் செருப்பு காலைக் கடித்ததோடு அந்த லட்சியம் முடிந்தது.

பெரியண்ணி முறை வந்தது. அப்போது அவள் நல்ல கனமான ஆள். மாடி ஏறினால் ஒவ்வொரு தளத்திலும் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்குவாள். அவள் கேக்கைத் தொடாமல் நின்றபடி, "நான் மீடியம் ஆகப்போறேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, கேக் தட்டோடு உள்ளே போய்விட்டார். சின்னண்ணியும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பெரியண்ணி பார்த்துவிட்டாள். போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கழிவுத் துணிக் கூடையிலிருந்து பாக்கெட் கோணலாகத் தைத்த ஒரு மீடியம் சட்டையை எடுத்துவந்து தன் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். போட்டுப் பார்த்தபோது கை நுழைந்தது, முன்பக்கம் சேரவில்லை. பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காஜா எடுத்தவள் நான்தான், என்மேல் பழி போட்டுவிடுவாளோ என்று பார்த்தேன். அவள் கழற்றித் திரும்ப மாட்டினாள்.

பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கண்ணால் பார்த்தவள் நான். விடிவதற்கு முன்னால் தெருவைச் சுற்றி நடந்தாள். பால் வண்டிக்காரர் முதலில் பயந்தார், பிறகு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். கழுத்துப் பட்டிக்கு வைக்கிற நாடாவில் மீந்த துண்டுகளை முறுக்கிக் கயிறாக்கி மொட்டை மாடியில் குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் கூரை பெயர்ந்து விழுகிறது என்று வந்து நின்றார். பட்டறையில் லிஃப்டைத் தொடவில்லை. துணிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். முட்டி வீங்கியது, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். வேகவைத்த காயும் மோரும்தான் சாப்பாடு. எங்கள் எல்லாருக்கும் மணக்க மணக்கச் சமைத்துவிட்டு, தன் தட்டில் உப்பில்லாத பூசணிக்காயைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எனக்குத் தொண்டையில் இறங்காது. அப்புறம் எப்படியோ இறங்கிவிடும்.

யாரோ அவளுக்கு வைராக்கியம் என்றார்கள். வைராக்கியமாவது ஒன்றாவது. நடக்க முடியாமல் நிற்கிற நேரத்தில் அவள் கண்ணில் வருவது அந்தப் பொத்திய வாய்ச் சிரிப்பு. உடனே கால் நகரும். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

லட்சியத்தில் இன்னொரு பாதியும் இருந்தது. அதைக் கேக் வெட்டும்போது சொல்லவில்லை, உருளைக்கிழங்கு நறுக்கும்போது என்னிடம் சொன்னாள்.

"நான் இறங்கினா மட்டும் போதுமா? அவ ஏறணும்ல?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அண்ணி, இது பாவம் என்றேன். சாப்பாடு போடறது எந்த ஊர்ல பாவம் என்று கேட்டாள். நான் மறுபடி கத்தியை எடுத்தேன்.

அன்றிலிருந்து சின்னண்ணியின் தட்டு மாறியது. பொரித்த உருளைக்கிழங்கு, நெய்யில் வதக்கிய கறி, முட்டை ஒன்றுக்கு இரண்டு. வேண்டாம்க்கா என்றால், என் சமையல் உனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிடு, நான் போடலை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஓரகத்தி முகம் தூக்கினால் வீடு தாங்குமா? சின்னண்ணி சாப்பிட்டாள். சோற்றுக்கு அடியில் வெண்ணெயை ஒரு கட்டி மறைத்து வைத்து மேலே சோற்றைப் போட்டு மூடுவாள் பெரியண்ணி. மதியத்துக்கும் அவளுக்கென்று தனி டப்பா. சாயங்காலம் வந்ததும் ஏலக்காய் போட்ட பால். பத்தியக்காரி ஒருத்தி இப்படி இன்னொருத்திக்கு ஊட்டுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. சின்னண்ணன் என்னிடம் வந்து, அண்ணிக்கு எவ்வளவு பெரிய மனசு பாரு என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், எனக்கும் வயிற்றெரிச்சல்தான். அந்த நெய்யில் ஒரு கரண்டி இந்தப் பக்கம் வந்திருக்கலாம். நான் யாருக்கும் போட்டி இல்லாதவள், அதனால் எனக்கு வழக்கமான அளவுதான் விழுந்தது.

வருஷம் நகர்ந்தது. பெரியண்ணி இளைத்தாள். முதலில் முகம், பிறகு கை, கடைசியில் இடுப்பு. லாரியோடு போய்த் திரும்பிவந்த பெரியண்ணன் அவளைப் பார்த்து, என்ன காய்ச்சலா என்று கேட்டார். சின்னண்ணி கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினாள். கன்னம் நிறைந்தது, தோல் மினுமினுத்தது. பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு வேறு. இவள் பாடுவாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனால் பெரியண்ணி காத்திருந்தது மட்டும் நடக்கவில்லை. புது மாடல் வரும், சின்னண்ணி முன்னறைக்குப் போவாள். இன்றைக்குப் பட்டன் சேராது, இன்றைக்கு முதலாளியம்மா முகம் மாறும் என்று இவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். மறுமுறையும் அப்படியே. வீட்டில் அவளுடைய பழைய உடைகளெல்லாம் இடுப்பில் இறுக்குகின்றன, பட்டறைச் சட்டை மட்டும் இறுக்கவே இல்லை. போடுற சாப்பாடெல்லாம் எங்கதான் போகுது என்று பெரியண்ணி என்னிடம் அழமாட்டாத குறையாகக் கேட்டாள். அதற்காக இன்னும் கொஞ்சம் வெண்ணெய் கூட்டினாள்.

வருஷம் முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். அந்தக் கோணல் பாக்கெட் சட்டையைப் போட்டிருந்தாள். எல்லாப் பட்டனும் சேர்ந்திருந்தன, எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. அவள் தானாகவே கையைத் தூக்கினாள், குனிந்தாள், என் கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். என்ன எதிர்பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதனால் கேட்டேன்.

"எங்க பிடிக்குது, அண்ணி?"

"எங்கயும் பிடிக்கல" என்றாள். அவள்மேல் எனக்கு அதுவரை வந்திராத பிரியம் அந்த நேரத்தில் வந்தது. அதே சமயம், என்னால் ஒரு வாரம் நடக்க முடியவில்லையே, இவளால் எப்படி முடிந்தது என்று எரிச்சலும் வந்தது.

புது வருஷத்தின் முதல் வேலைநாள். பெரியண்ணி அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் புது மாடல் ஒன்று பார்க்க இருந்தார்கள். முதலாளியம்மா இன்னும் வரவில்லை. சின்னண்ணி ஹெம்மிங் மேஜையில் இருந்தாள், இன்னும் கூப்பிடவில்லை. பெரியண்ணி நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் பட்டன் டப்பாவோடு பின்னாலேயே ஓடினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் ஏறி நின்றாள்.

மாஸ்டர் துணி வெட்டுவதற்கான மாதிரி அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"டேப் வச்சுப் பாருங்க, மாஸ்டர். நான் இப்ப மீடியம்" என்றாள் பெரியண்ணி.

அவர் நல்ல மனுஷர். கேலி செய்யாமல் டேப்பை எடுத்தார், மார்பு, இடுப்பு, தோள் எல்லாம் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார். இது போன வருஷ ஆரம்பத்தில் இருந்த மீடியம்தான், நூல் பிசகாமல் இருக்கிறது என்றார். பெரியண்ணி முகம் மலர்ந்தது. அப்படின்னா இந்த இடம் எனக்குத்தானே என்று கேட்டாள்.

மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் சொன்னதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. மீடியம் என்று தனியாக ஒரு அளவு எங்கேயும் எழுதி வைக்கவில்லையாம். ஒவ்வொரு புது மாடலுக்கும் முன்னால் அவர் சின்னண்ணியின் உடம்பை அளப்பாராம், அந்த அளவுக்கே அட்டை வெட்டுவாராம். அவள் எப்படி இருக்கிறாளோ அதுதான் எங்கள் பட்டறையின் மீடியம். போன வருஷம் அவள் பூசப் பூச அட்டையும் பூசிக்கொண்டே வந்திருக்கிறது. அதுவும் நல்லதற்குத்தான் ஆயிற்றாம். முன்பெல்லாம் உங்கள் மீடியம் மூச்சு முட்டுகிறது என்று வாங்குகிறவர்கள் குறை சொல்வார்கள், இப்போது சொல்வதில்லை, சட்டை முன்னைவிட நன்றாகப் போகிறது என்று முதலாளியம்மாவுக்குச் சந்தோஷமாம்.

ஆக, ஒரு வருஷமாக என் பெரியண்ணி வெண்ணெய் ஒளித்து வைத்துப் பெருக்க வைத்தது ஓரகத்தியை மட்டுமல்ல, கடைக்குப் போன மீடியம் சட்டை மொத்தத்தையும். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பலகைமேல் நின்றவளின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

"அப்படின்னா என் உடம்புக்கு வெட்டுங்க. யார் நின்னாலும் அதுதானே மீடியம்?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மாஸ்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவங்க உடம்பு மெல்ல ஏறுதும்மா. எல்லா வீட்லயும் பொம்பளைங்களுக்கு அப்படித்தான் ஏறும். நீங்க ஒரே வருஷத்துல இவ்வளவு இறங்கியிருக்கீங்க. அடுத்த மாடலுக்கு எங்க நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதே. மாறிக்கிட்டே இருக்கற உடம்பை வச்சு நான் எப்படி வெட்டறது?"

அதோடு விட்டிருக்கலாம். மனசில் இருந்ததை அவர் அன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிட்டார். "பெரிய சைஸ் தனியா போடணும்னு முதலாளியம்மா ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. அதுக்கு நிக்கறதுக்கு நான் மனசுல வச்சிருந்தது உங்களைத்தான். ஒரு வருஷத்துக்கு முன்னாடி கேக் வெட்டினப்போ கேக்கலாம்னுதான் வந்தேன். நீங்க எல்லார் முன்னாடியும் இளைக்கப்போறேன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் வந்து, அப்படியே இருங்கன்னு எப்படிக் கேக்கறது?"

பெரியண்ணி பலகையிலிருந்து இறங்கினாள். செருப்பை மாட்ட அவளுக்கு நேரமானது. இருந்தபடியே இருந்திருந்தால் அந்தப் பலகை அவளுக்குக் கிடைத்திருக்கும், எங்கே பிடிக்குது என்கிற அந்தக் கேள்வியும் கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. வெளியே முதலாளியம்மாவின் குரல் கேட்டது. மீடியத்தைக் கூப்பிடுங்க என்றார். சின்னண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனாள். அன்று முழுவதும் ஓவர்லாக் மெஷின் நிற்காமல் ஓடியது. சாப்பாட்டு வேளையில்கூட ஓடியது.

வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பேரும் பேசவில்லை. நான் பேசாமல் அந்தத் தெருவைக் கடந்தது அன்று ஒரு நாள்தான். அண்ணன்கள் இருவரும் இன்னும் வந்திருக்கவில்லை. பெரியண்ணி பழக்கதோஷத்தில் அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்து, வெண்ணெய் டப்பாவைத் திறந்தாள். திறந்த கையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்னண்ணி தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், பாட்டு இல்லை. நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டப்பா பறக்கப்போகிறது என்று ஒரு பக்கமாக ஒதுங்கினேன்.

பெரியண்ணி டப்பாவை மேடைமேல் வைத்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"உனக்கு நான் ஆசையா போட்டேன்னு நினைச்சியா? நீ பெருத்துப் போகணும்னுதான் போட்டேன். அந்த இடம் உன்கிட்டேருந்து போகணும்னு போட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள் சின்னண்ணி.

நான் தட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். எப்பவிருந்து தெரியும் என்று பெரியண்ணி கேட்டாள். முதல் தடவை வெண்ணெய் சோற்றுக்கடியில் வந்தபோதே தெரியும் என்றாள் சின்னண்ணி. வேண்டியவர்களுக்கு வெண்ணெய் போடுகிறவர்கள் மேலேதான் போடுவார்களாம், ஒளித்து வைப்பதில்லையாம்.

பிறகு அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. அந்தப் பலகையில் ஏறிய நாளிலிருந்து அவள் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. டேப்பில் ஒரு விரல் ஏறினாலும் இறக்கிவிட்டு வேறு ஒருத்தியை ஏற்றிவிடுவார்கள் என்று பயம். மாஸ்டர் அட்டையை மாற்றிக்கொள்வார் என்று அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. டேப்பை எடுக்கும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பாளாம். வீட்டில் கறி வாசனை வந்தால் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். மகாராணிக்கு நம் சமையல் இறங்காது என்று நாங்கள் பேசியதும் அவள் காதில் விழுந்துதான் இருக்கிறது. எங்கே பிடிக்குது என்று முதலாளியம்மா கேட்கும்போதெல்லாம், வயிற்றைப் பிடிக்கிறது, பசிக்கிறது என்று சொல்ல வாய் வருமாம்.

"நீங்க போட ஆரம்பிச்சதும், போனா போகுது அந்த இடம்னு முடிவு பண்ணிட்டேன். சாப்பிட்டேன். போகும் போகும்னு பார்த்தேன், போகல" என்றாள்.

பெரியண்ணி இப்போது திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பொறாமை அடங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் கூடித்தான் இருந்தது. இவளுக்குப் பலகையும் கிடைத்தது, வருஷம் பூராவும் நெய்யும் கறியும் கிடைத்தது, யார்மேலும் கோபப்படாத மனசும் கிடைத்திருக்கிறது. தனக்கு மிஞ்சியது வீங்கிய முட்டியும் தொளதொளத்த உடைகளும்தான்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி சொல்லல? என்னை ஏன் இப்படிப் பைத்தியமா அலைய விட்ட?"

சின்னண்ணி குழாயை மூடினாள். கையிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"சொன்னா நீங்க போடறதை நிறுத்திடுவீங்களே, அக்கா."

பெரியண்ணி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு கோணியது. கோபம் என்று நான் நினைத்தேன், அழுகை.

"எனக்கும் ஒரு வருஷமா பசிக்குதுடி" என்றாள்.

சின்னண்ணி கையைத் துடைத்துவிட்டு என்னிடமிருந்து ஒரு தட்டை வாங்கினாள். சோறு போட்டாள், கறி போட்டாள், வெண்ணெயைக் கட்டியாக எடுத்து மேலே வைத்தாள். பெரியண்ணி நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். அவள் மெல்லுவதையே இவள் பார்த்துக்கொண்டு நின்றாள், போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டுக்கொண்டு. என் கையில் துடைத்த தட்டுகள் இருந்தன. இரண்டு பேரில் ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அப்போது வந்ததும் பொறாமைதான்.